கல்முனை கண்ட அஸீஸ்

இலவசக் கல்வி என்றதும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவை நினைவுகூருகிறோம். அது தகும். ஆயினும், அதன் பயன் மட்டக்களப்பு வாவியை அண்டிய ஓர் ஏழை மாணவனைச் சென்றடைய இடையில் நின்று உழைத்தோரை நாம் போதியளவு நினைப்பதில்லை. அவர்களுள் ஒருவர் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

1911 ஒக்டோபர் 4 ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். முஸ்லிம் சிறுவன் ஒருவனுக்கு அக்கல்லூரி கதவடைக்கவில்லை என்பது இன்று இரு சமூகத்தாரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1935 இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே.

1942 இல், யப்பானியக் குண்டுவீச்சைத் தொடர்ந்து, உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அன்று கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961 இல்தான். நெல்லைப் பெருக்க வந்தவர், வயல் செழித்த ஊர்களில் கல்வி வறண்டு கிடப்பதைக் கண்டார். உயர்கல்வியை எட்டிய முஸ்லிம்கள் மிகச் சிலரே. காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பிய சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அங்கேதான் வலுப்பெற்றது. துறவியிடமிருந்து அந்த இளம் அதிகாரி பெற்ற தூண்டுதல் சிறிதன்று. அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கமொன்றை உருவாக்கினார்.

அதன் விரிவே, 1945 மே மாதம் கொழும்பில் அவர் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. அதே ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீங்கியது. ஆனால், அன்றிருந்த ஒரே பல்கலைக்கழகம் கொழும்பில். கிழக்கிலிருந்து செல்பவனுக்கு விடுதிச் செலவையும் நூல்களையும் பிரயாணச் செலவையும் யார் கொடுப்பது? பெற்றோரின் கையில் பணமில்லாதவிடத்துச் சட்டம் தந்த உரிமை ஏட்டிலேயே நின்றுவிடும். அந்த இடைவெளியையே அஸீஸின் நிதி நிரப்ப முயன்றது. கன்னங்கராவின் சீர்திருத்தத்தைப் போற்றுவோர் இதையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது எமது கருத்து.

1948 இல் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். பதவியைப் பிடித்துத் தொங்குவோர் மலிந்த நாட்டில் இது அபூர்வமே. 1961 வரை அப்பணியில் இருந்தார். 1952 இல் செனட்டரான அவர், 1956 இல் சிங்களம் மட்டும் கொள்கையை ஏற்காது ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து விலகினார்.

அஸீஸ் 1973 நவம்பர் 24 ஆம் திகதி காலமானார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப் பின்னரான கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.