காந்தியடிகளும் வயிறும்

காந்தியடிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் சிறைச்சாலையைப் பற்றி எழுதுவர். தண்டி யாத்திரையைப் பற்றி எழுதுவர். இராட்டையைப் பற்றி எழுதுவர். நான் எழுத வந்திருப்பதோ அவருடைய வயிற்றைப் பற்றி! தலைப்பைக் கண்டு நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு மேலே படியுங்கள். தம் வாழ்க்கை வரலாற்றில் சத்தியாக்கிரகத்துக்கு இடமளித்த அப்பெரியார், மலச்சிக்கலுக்கும் சீதபேதிக்கும் தயங்காமல் இடமளித்திருக்கிறார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

இதில் எனக்குத் தன்னலமும் உண்டு. எனக்கு ஐ.பி.எஸ். இருக்கிறது. பாராட்டுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிடாதீர்கள். இது காவல்துறைப் பதவி அன்று, குடல் நோய். வயிறு வலிக்கும், சில நாள் பேதி, சில நாள் சிக்கல், பல நாள் உப்புசம். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இல்லை. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தாலும் புண் இல்லை. ஆயினும் நோய் பொய்யன்று. குடலின் அசைவும், அதன் உணர்ச்சியும், மூளைக்கும் குடலுக்கும் இடையே ஓடும் செய்தியும் ஒழுங்கு தவறுவதால் வருவது என்று மருத்துவர்கள் விளக்குகின்றனர். தொடங்கி ஆறு மாதமேனும் ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் சராசரியாக வாரம் ஒரு நாளேனும் வலி இருக்க வேண்டும். அவ்வலி மலம் கழிப்பதோடும் அதன் மாறுதல்களோடும் தொடர்புடையதாக இருக்க வேண்டும். 2016-இல் வெளியான ரோம் அளவுகோல் இந்நோய்க்கு வகுத்த இலக்கணம் இது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் நாகர்கோவில் பேருந்தில் ஏறவும், தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரம் அமரவும் அஞ்சவைக்கும்.

காந்தியடிகளுக்கு இருந்ததும் இதே நோய்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. மறைந்தவருக்கு நோய்ப் பெயர் சூட்டுவது முறையன்று. ஆனால் அடங்காத குடலோடு ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார், எவ்வளவு செய்தார் என்பதற்கு அவரைப்போல் விரிவான சான்று விட்டுச் சென்றவரை நான் அறியேன்.

வயிற்று நோய் தமிழருக்குப் புதிதன்று. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு மீண்டார் என்று பெரியபுராணம் கூறும். திருவள்ளுவரோ, மருந்து என்னும் அதிகாரத்தில் பாதிக்குமேல் உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். முன்னவர் இறைவனிடம் சென்றார். பின்னவர் அளவைச் சொன்னார். காந்தியடிகள் இரண்டையும் மதித்தவர். அவற்றோடு சோதனை என்னும் மூன்றாவது வழியையும் சேர்த்துக்கொண்டார்.

1869 அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். புலால் உண்ணேன் என்று அன்னைக்கு அளித்த வாக்குறுதி அவரைப் பல நாள் அரைப்பட்டினி போட்டது. பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்ட நாளில்தான் வயிறார உண்டார். அங்கே தொடங்கின அவருடைய உணவுச் சோதனைகள். ஊரிலிருந்து வருவித்த இனிப்பையும் மசாலைப் பொருள்களையும் நிறுத்திப் பார்த்தார். மசாலையின்றி வேகவைத்த கீரையும் நாளடைவில் சுவைத்தது. சுவை நாக்கைவிட மனத்திலேயே இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

பின்பு தென்னாப்பிரிக்கா. 1903-இல் ஜோகானஸ்பர்க்கில் வழக்கறிஞராக அமர்ந்தபோது தொழில் செழித்தது, வயிறு கெட்டது. மலச்சிக்கலும் அடிக்கடி வரும் தலைவலியும் அவரை வாட்டின. பேதி மருந்தை அவ்வப்போது உண்டு நாளைக் கடத்தினார். மான்செஸ்டர் நகரில் காலையுணவைத் துறப்போர் சங்கம் ஒன்று அமைந்ததைப் படித்தார். மூன்று வேளை நிறைய உண்டு, மாலையில் தேநீரும் பருகிவந்த தமக்கு அது பொருந்துமா என்று பார்க்கக் காலையுணவை நிறுத்தினார். சில நாள் கடினமாக இருந்தது, தலைவலி மறைந்தது. சிக்கலோ மறையவில்லை. கூனே என்னும் ஜெர்மானியர் சொன்ன இடுப்புக் குளியலைச் செய்தார். ஓரளவு குணம் கிடைத்தது. பிறகு ஜஸ்ட் என்பாரின் நூலைப் படித்து, ஈரமண்ணைத் துணியில் பரப்பி இரவில் வயிற்றின்மேல் கட்டிக்கொண்டார். அது நல்ல பயன் தந்தது என்று எழுதினார்.

மண்ணை அப்பிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சென்ற வழியைப் பாருங்கள். ஒரு மாற்றம் செய்தார், காத்திருந்தார், எது நீங்கியது, எது நீங்கவில்லை என்று தனித்தனியே குறித்தார், பிறகே அடுத்ததற்குச் சென்றார்.

1910-இல் தமிழர் பலர் உடன் வாழ்ந்த தால்ஸ்தாய் பண்ணை எழுந்தது. 1912-இல் அங்கே அவரும் நண்பர் காலன்பாக்கும் பாலை விட்டனர். இந்தியா திரும்பிய 1915-இல், ஹரித்துவாரக் கும்பமேளாவின்போது, ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்குமேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை என்று நோன்பு பூண்டார்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் 1918 ஆகஸ்டில் உடல் வீழ்ந்தது. கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்த காலம் அது. நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சம்பழமுமே பெரும்பாலும் உணவு. சீதபேதி இலேசாகத் தொடங்கியிருந்த ஒரு பண்டிகை நாளில், உண்பதில்லை என்று சொல்லியிருந்தும், கஸ்தூரிபா அவருக்கென்றே எண்ணெய் சேர்த்துச் செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் ஒரு கிண்ணம் பாசிப்பயற்றையும் கண்டு மனம் இளகினார். சிறிது உண்ண நினைத்தவர் நிறையவே உண்டார். ஒரு மணி நேரத்துக்குள் நோய் கடுமையாயிற்று.

அன்று மாலையே நடியாத் செல்ல வேண்டியிருந்தது. சபர்மதி இரயில் நிலையம் பத்து பர்லாங்கு தொலைவுதான். நடந்து சேர்வதற்குள் பெரும்பாடு பட்டார். நடியாதில் தங்கியிருந்த இடத்தில் கழிப்பறை வெகு தூரத்தில் இருந்தது. அடுத்த அறையில் மலத்தொட்டி ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்டார். அதைக் கேட்க வெட்கமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் கேட்டார். மாணவ நண்பர்களே, அவர் வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். பேரரசின் முன் தலை நிமிர்ந்து நின்றவரும் ஒரு கழிப்பறைக்காகக் கூசினார் என்று அறியும்போது, நம் கூச்சம் சிறிது குறைகிறதல்லவா?

ஒரு நாளில் முப்பது நாற்பது முறை பேதியாயிற்று. மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம் என்று மறுத்தார், உபவாசம் இருந்தார், மரணம் அருகில் என்றே நம்பினார். பல வாரம் படுக்கை. பின்பு பம்பாயில் டாக்டர் தலால் ஆசனவாய் வெடிப்புக்கு அறுவை செய்தார். பால் உண்ணாமல் உடல் தேறாது என்றும் சொன்னார். பால் விரதத்தை எப்படி முறிப்பது? விரதம் பசுவையும் எருமையையும் நினைத்துப் பூண்டதுதானே, ஆட்டுப்பாலுக்குத் தடை என்ன என்று படுக்கையருகே நின்ற கஸ்தூரிபா கேட்டார். அவர் இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டோமே என்னும் வருத்தம் மட்டும் அவரைவிட்டு அகலவில்லை. 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாட்டை எழுப்பியவர், அந்தப் படுக்கையிலிருந்து அப்போதுதான் எழுந்தவர்!

வயிறு அதன்பின்னும் அவரை விடவில்லை. 1924 ஜனவரியில் எரவாடாச் சிறையில் குடல்வால் அழற்சி கண்டது. புனாவின் சசூன் மருத்துவமனையில் கர்னல் மடாக் என்னும் ஆங்கில மருத்துவர் அறுவை செய்தார். நடுவே மின்விளக்கு அணைந்துபோக, கைவிளக்கின் ஒளியில் வேலை முடிந்தது. 1929-இல் சமைக்காத உணவை உண்டு பார்த்தார், சீதபேதி வந்தது, சோதனையைக் கைவிட்டு அதையும் நாடறிய எழுதினார். அடுத்த ஆண்டே, அறுபது வயதில், தண்டிக் கடற்கரைக்கு ஏறத்தாழ 240 மைல் நடந்தார்.

நாம் வாழும் இத்திருவனந்தபுரத்துக்கும் அவர் 1925, 1927, 1934, 1937 ஆகிய ஆண்டுகளில் வந்தார். 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தபின், 1937 ஜனவரியில் வந்து, அதுவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களோடு பத்மநாபசுவாமி கோவிலுக்குள் சென்றார். கிழக்கே கோட்டை வழியே போகும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும்: அந்த மனிதர் தம் குடல் முற்றும் குணமாகட்டும் என்று காத்திருந்தால், இந்த வாயிலுக்கு வந்திருப்பாரா? கடைசிவரை உணவைக் கவனித்தார். ஆனால் கவனிப்பதற்காக மட்டும் வாழவில்லை. 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்தபோதும், ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதி முடித்தார். 1948 ஜனவரி 30-ஆம் நாள் குண்டுக்கு இரையானார்.

இவ்வாழ்க்கையிலிருந்து நம்போன்றோர் கொள்ளத்தக்கது யாது? தள்ளத்தக்கது யாது?

கொள்ளத்தக்கது, அவர் சோதித்த முறை. இன்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த உணவு முறையும் அதை ஒத்ததே. வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பருப்புகள், பால் ஆகியவற்றிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் முழுதும் செரியாமல் குடலில் நொதித்து வாயுவாகின்றன. அவற்றை இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்து, பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஆகாததை மட்டும் விலக்க வேண்டும். உணவியல் அறிந்தவர் துணையோடு செய்வது நலம். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதன்படி, விடுதியின் புரோட்டாவும் வெங்காயக் குழம்பும் எனக்குப் பகை. இட்லியும் மரச்சீனிக்கிழங்கும் நட்பு. உங்கள் நோட்டு வேறாக இருக்கும். அவருக்கு உதவிய ஆட்டுப்பால் பால் ஒவ்வாதவருக்கு உதவாது. பசும்பாலிலுள்ள அதே சர்க்கரைதான் அதிலும் இருக்கிறது. ஈசப்கோல் பலருக்கு இதம் தரும்; கோதுமைத் தவிடு சிலருக்கு உப்புசத்தைக் கூட்டும். நேரத்தில் உண்பது, உறங்குவது, நடப்பது, தேர்வுக் கவலையைத் தணிப்பது, இவையும் மருந்தே.

தள்ளத்தக்கவை இரண்டு. ஒன்று, மருத்துவரை மறுத்த பிடிவாதம். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், இரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவை கண்டால் அது வேறு நோயாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றொன்று, நோய் நம் தவறுக்குத் தண்டனை என்னும் எண்ணம். அண்ணல் அப்படி நம்பினார்; தம் நோய்க்குத் தம்மையே குற்றவாளியாக்கினார். அவர்மீது எனக்குள்ள மதிப்பில் குறைவில்லை. ஆனால் இதில் அவரோடு உடன்பட இயலாது. ஒருமுறை வந்த வயிற்றுத் தொற்றுக்குப் பின்னரும் பத்துப் பேரில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். வரலாம் என்கின்றனர். தொற்று வந்தது யார் குற்றம்?

நம் விடுதியிலும் வகுப்பிலும் இந்நோயோடு இருப்பவர் நான் ஒருவனாக மட்டும் இருக்க முடியாது. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தேர்வு மண்டபத்தில் வாயிலருகே இடம் வேண்டுமென்றால் கேளுங்கள், சுற்றுலாவில் வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் சொல்லுங்கள். மற்ற நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஒருவர் இடையில் எழுந்து போனால் நகைக்காதீர்கள், திரும்பி வந்தால் அவர் இடத்தை அவருக்கே விட்டு வையுங்கள். நடியாதில் அன்றிரவு அடுத்த அறைக்குத் தொட்டியை உடனே வருவித்துக் கொடுத்த அன்பர் பூல்சந்த் என்று அண்ணலே எழுதியிருக்கிறார். அவர் செய்த உதவி சிறியதன்று.