பொருளினும் பெரிது

திறமையும் பற்றும் ஒருவரிடத்தே சேர்ந்து அமைதல் அரிது. அவ்வாறு அமையப்பெற்றவர் காற்பந்து வீரர் ஜிம்மி மெக்ரோரி ஆவார்.

இவர் 1904-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய எளிய குடும்பமொன்றில் பிறந்தார். 1922-இல் அந்நகரின் செல்டிக் கழகத்தில் சேர்ந்தார். உயரத்தில் குறைந்தவராயினும், பறந்து வரும் பந்தைப் பாய்ந்து சென்று தலையால் மோதி வலைக்குள் செலுத்துவதில் வல்லவர். 1928 சனவரியில், டன்ஃபர்ம்லின் கழகத்தை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் 8 கோல்கள் அடித்தார்.

அவ்வாண்டிலேயே இலண்டன் மாநகரின் ஆர்சனல் கழகத்தார், பெரும்பொருள் தந்து அவரை அழைத்துக்கொள்ள முற்பட்டனர். செல்டிக் கழகத்தாரும் அதற்கு இசைந்தனர். மெக்ரோரியோ தாம் நேசித்த கழகத்தை விட்டுப் பிரிய மறுத்துவிட்டார். அதன்பின் அவருக்குத் தோழர்களினும் குறைந்த ஊதியமே அளிக்கப்பட்டது. இதனை அவர் பல்லாண்டு கழித்தே அறிந்தார். அறிந்தும், தம் முடிவுக்காக வருந்தினாரல்லர்.

1937-இல் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றபோது, அவர் அடித்திருந்த கோல்கள் 550. பிரித்தானிய முதல்தர ஆட்டங்களில் அவ்வெண்ணிக்கையை விஞ்சியவர் எவருமிலர். பின்னர், 1945 முதல் 1965 வரை, அதே செல்டிக் கழகத்தின் மேலாளராகவும் தொண்டாற்றினார். 1982-இல் மறைந்தார்.

ஊதியம் குறைந்தது, புகழ் குறையவில்லை. பொருளால் அளக்கவொண்ணாத செல்வமும் உலகில் உண்டு என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.