முதலமைச்சரையே தோற்கடித்த ஸ்ரீபெரும்புதூர்: யார் இந்த பக்தவத்சலம்?

சென்னை - பெங்களூரு ஹைவேயில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வரும் ஊர் நசரேத்பேட்டை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் கடந்து போகும் ஊர். தமிழ்நாட்டின் கடைசி காங்கிரஸ் முதலமைச்சர் எம்.பக்தவத்சலம் பிறந்தது இங்கேதான்.

அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த தொகுதி, இதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூர். முதலமைச்சர் பதவியில் இருக்கும்போதே தேர்தலில் நின்று தோற்றதும் அங்கேதான்.

சுதந்திரப் போராட்ட வீரர், சிறைக்குப் போனவர், நிர்வாகத்தில் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் சொந்தத் தொகுதியிலேயே ஏன் தோற்றார்? விரிவாகப் பார்க்கலாம்.

வக்கீல் டூ எம்.எல்.ஏ.

பக்தவத்சலம் பிறந்தது 1897 அக்டோபர் 9. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். வளர்த்தது மாமா வீட்டில். அந்த மாமாக்களில் ஒருவரான சி.என்.முத்துரங்க முதலியார் பெரிய காங்கிரஸ் தலைவர். அதனால் அரசியல் அவருக்கு வீட்டிலேயே அறிமுகமாகிவிட்டது.

சட்டம் படித்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலானார். ஆனால் கோர்ட்டைவிட போராட்டம்தான் அவரை இழுத்தது. 1930ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டார். 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதாகி 1944 வரை சிறையில் இருந்தார்.

நடுவில், 1937 தேர்தலில் திருவள்ளூரில் ஜெயித்து சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். ராஜாஜி தலைமையிலான அரசில் உள்ளாட்சித் துறை அமைச்சருக்கு நாடாளுமன்றச் செயலாளராகப் பொறுப்பு கிடைத்தது.

முதல் எச்சரிக்கை

அந்த ராஜாஜி அரசுதான் 1938ல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயப் பாடமாகக் கொண்டுவந்தது. மாகாணம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. சிறையில் இருந்த நடராசன், தாளமுத்து என இரண்டு போராட்டக்காரர்கள் 1939ல் உயிரிழந்தார்கள். காங்கிரஸ் அரசு பதவி விலகிய பிறகு, 1940ல் அந்த உத்தரவு வாபஸ் ஆனது.

அதாவது, மொழி விஷயத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை ஆளும் தரப்பில் இருந்தே பார்த்தவர் பக்தவத்சலம்.

அமைச்சர் பக்தவத்சலம்

1946ல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1947ல் ஓமந்தூரார் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சர். பவானிசாகர் அணைக்கான வேலை 1948ல் தொடங்கியபோது துறை அவர் கையில்தான் இருந்தது.

1952 தேர்தலில் முதல் அடி விழுந்தது. அப்போதைய முதலமைச்சர் குமாரசாமி ராஜாவோடு சேர்ந்து தோற்ற அமைச்சர்களில் பக்தவத்சலமும் ஒருவர். ஆனாலும் காமராஜர் முதலமைச்சரானதும் அமைச்சரவையில் மறுபடி இடம் கிடைத்தது. உள்துறை, அவை முன்னவர் என்று சட்டமன்றத்தில் அரசின் முக்கியக் குரலே அவர்தான்.

1962 தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் நின்று ஜெயித்தார். அதே தேர்தலில், பக்கத்துத் தொகுதியான காஞ்சிபுரத்தில் நின்ற அண்ணா தோற்றார். காங்கிரஸுக்கு 139 இடம், திமுகவுக்கு 50. காங்கிரஸை அசைக்க முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முதலமைச்சர் நாற்காலி

1963 அக்டோபரில், கட்சிப் பணிக்காக காமராஜர் பதவியை விட்டு விலகினார். அந்த இடத்துக்கு பக்தவத்சலம் வந்தார். சரியாக அந்த நேரத்தில்தான் ஹிந்தி விவகாரம் மறுபடி சூடு பிடித்தது.

1965 ஜனவரி 26 முதல் ஹிந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சி மொழி ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தது. 1963ல் வந்த ஆட்சி மொழிச் சட்டம் ஆங்கிலமும் நீடிக்க அனுமதி கொடுத்தது. ஆனால் கட்டாயம் நீடிக்கும் என்ற உறுதி அதில் இல்லை. வேலை, போட்டித் தேர்வு எல்லாம் என்ன ஆகும் என்பதுதான் மாணவர்களின் கவலை.

1964 ஜனவரியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சியில் தீக்குளித்து உயிர் விட்டார். இரண்டே மாதத்தில், மார்ச்சில், மும்மொழித் திட்டத்தை ஆதரித்து சட்டமன்றத்தில் பேசினார் பக்தவத்சலம்.

1965 ஜனவரி கடைசியில் மாணவர் போராட்டம் மதுரையில் வெடித்து மாநிலம் முழுக்கப் பரவியது. சிதம்பரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். இன்னும் பலர் தீக்குளித்தார்கள். கலவரத்தில் போலீஸ்காரர்களும் பலியானார்கள். அரசுக் கணக்கே சுமார் 70 உயிர்கள் என்றது. உண்மையில் அதைவிட அதிகம் என்றார்கள் போராடியவர்கள்.

இதை முழுக்க முழுக்க சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே முதலமைச்சர் பார்த்தார். போலீஸை வைத்து அடக்கினார். மாணவர்களை அழைத்துப் பேச இறங்கி வரவில்லை. ஆனால் டெல்லியில் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அதன் பிறகு, ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதி கொடுத்தார்.

அரிசி விலை

ஹிந்தியோடு சேர்ந்து வந்தது அரிசித் தட்டுப்பாடு. 1965ல் நாடு முழுக்க வறட்சி. இங்கே விலை எகிறியது, ரேஷன் கடைகளில் க்யூ நீண்டது. முதலமைச்சரை அண்ணாச்சி என்று அழைத்து, அரிசி விலை என்னாச்சு என்று எதுகையோடு கேட்கும் கோஷம் பட்டிதொட்டி எல்லாம் பரவியது. ரூபாய்க்கு 3 படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்தது திமுக.

1967: என்ன நடந்தது?

அந்தத் தேர்தலில் திமுக பெரிய கூட்டணி அமைத்தது. அதில் ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் இருந்தது. 1938ல் ஹிந்தியைக் கொண்டுவந்த அதே ராஜாஜி, இப்போது ஹிந்தித் திணிப்புக்கு எதிர்ப்பக்கம். அவர் அரசில் அப்போது பொறுப்பில் இருந்த பக்தவத்சலமோ இன்னும் அதே நிலைப்பாட்டில்.

ரிசல்ட் வந்தபோது திமுகவுக்கு 137 இடங்கள். ஸ்ரீபெரும்புதூரில் திமுகவின் டி.ராஜரத்தினத்திடம் முதலமைச்சர் தோற்றுப் போயிருந்தார். விருதுநகரில் காமராஜரும் தோற்றார். மாநிலத்தில் விஷக் கிருமிகள் பரவிவிட்டதாக பக்தவத்சலம் அப்போது சொன்ன கருத்து இன்று வரை பேசப்படுகிறது. 69 வயதில் தோல்வி வந்த பிறகும், மக்கள் ஏன் கோபப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அவர் போகவில்லை.

1967 மார்ச் 6ல் அண்ணா முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. அதன் பிறகு தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி அமைத்ததே இல்லை. பக்தவத்சலம் 1987ல் காலமானார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் ராஜாஜி, காமராஜரோடு அவருக்கும் நினைவிடம் இருக்கிறது.

இப்போ ஏன் இது முக்கியம்?

அவர் தோற்ற தொகுதி இன்று அடையாளமே மாறிக் கிடக்கிறது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. பீகார், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வேலை பார்க்கிறார்கள். ஒரகடம் டீக்கடையில் ஹிந்தி கேட்பது சாதாரணம். வியாபாரத்துக்காக நாலு வார்த்தை ஹிந்தி பேசும் கடைக்காரரை யாரும் எதிர்ப்பதில்லை.

ஆனால் தேசிய கல்விக் கொள்கையின் மும்மொழித் திட்டம் என்றதும் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்புகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று, பிழைப்புக்காக மக்களே கற்றுக்கொள்வது. இன்னொன்று, மேலே இருந்து வரும் உத்தரவு. 30 வருஷம் அரசியலில் இருந்த பக்தவத்சலத்துக்குப் பிடிபடாமல் போனது இந்த வித்தியாசம்தான். அதற்கான பதிலை ஸ்ரீபெரும்புதூர் வாக்காளர்கள் ஓட்டுச் சீட்டில் சொல்லிவிட்டார்கள்.