குரலிழந்த பின்னும் பாடிய கவிஞர்

பித்தாபுரத்துக்கு அருகே 1897ஆம் ஆண்டு பிறந்த தேவுலபள்ளி கிருஷ்ண சாஸ்திரி, தெலுங்கில் உணர்ச்சிக் கவிதை இயக்கத்தின் தூணாக விளங்கியவர். கேட்போர் உள்ளம் கவரும் நாவலரும் ஆவார். 1951இல் பி.என். ரெட்டியின் 'மல்லீஸ்வரி' வாயிலாகத் திரையுலகம் புகுந்தார். எஸ். ராஜேஸ்வர ராவின் இசையில் கண்டசாலாவும் பானுமதியும் பாட, இலக்கியச் சுவை பாமரரையும் எட்டியது.

1963இல் தொண்டைப் புற்றுநோய் அவர்தம் குரலைப் பறித்தது. அதன்பின் தாளில் எழுதியே உரையாடினார், பாட்டெழுதுவதை நிறுத்தினாரில்லை. 'உண்டம்மா பொட்டு பெடதா' (1968), 'ஏகவீரா' (1969) படப் பாடல்கள் அம்மௌனக் காலத்தில் மலர்ந்தவையே. 1976இல் பத்மபூஷண் பெற்ற அவர், 1980இல் சென்னையில் மறைந்தார். 1982இல் வெளிவந்த 'மேகசந்தேசம்' படத்திலும் அவர்தம் பாடல்கள் ஒலித்தன.

சொல்லாற்றல் இறைவன் அளித்த அமானிதம். நா அடங்கிய பின்னும் அதனைப் பேணிய இவர்தம் வாழ்வு, மொழி பயிலும் மாணவச் செல்வங்கள் நெஞ்சில் நிறுத்தத் தக்கதாகும்.