60 கோல் அடித்தவரின் சம்பளம்

எர்லிங் ஹாலந்து 2022–23 பருவத்தில் 36 கோல்கள் அடித்து பிரிமியர் லீக் சாதனையைப் புதுப்பித்தபோது, இதை முறியடிக்க இனி ஆளில்லை என்று என் நண்பர்கள் சொன்னார்கள். பிரிமியர் லீக் தொடங்கியது 1992ல்தான். அதற்கு முன்பும் இங்கிலாந்தில் முதல் பிரிவு லீக் இருந்தது. அங்கே 1927–28 பருவத்தில் எவர்ட்டன் குழுவின் தாக்குதல் ஆட்டக்காரர் டிக்சி டீன், 39 ஆட்டங்களில் 60 கோல்கள் அடித்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அந்த எண்ணை யாரும் தொடவில்லை. ஆனாலும் எனக்கு அவருடைய கோல் கணக்கைவிடச் சம்பளக் கணக்குதான் மனத்தை உறுத்துகிறது.

வில்லியம் ரால்ஃப் டீன் 1907 ஜனவரி 22ல் பெர்க்கன்ஹெட் நகரில் பிறந்தார். மெர்சி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல், எதிர்க்கரையில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் நிறைந்த இந்த ஊர். தந்தை ரயில்வே ஊழியர். எட்டு வயதில் மகனை எவர்ட்டனின் கூடிசன் பார்க் அரங்கிற்கு அழைத்துச் சென்றார். அன்றிலிருந்து பையனுக்கு வேறு கனவில்லை. 14 வயதில் பள்ளியை விட்டு ரயில்வேயில் தொழில் பழகச் சேர்ந்தவர், பகலில் பந்து விளையாட நேரம் வேண்டும் என்பதற்காக இரவு வேலையை விரும்பி ஏற்றுக்கொண்டார்.

கறுத்த சுருள்முடியும் சற்றே மாநிறமும் கொண்டவர் என்பதால் டிக்சி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. நெருங்கியவர்கள் பில் என்றுதான் அழைத்தார்கள். நானும் டீன் என்றே எழுதுகிறேன்.

உள்ளூர்க் குழுவான டிரான்மியர் ரோவர்சில் ஆடி, 1925 மார்ச்சில் 3,000 பவுண்டுக்கு எவர்ட்டன் வந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் வட வேல்சில் மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டை ஓட்டிலும் தாடையிலும் எலும்பு முறிவு. மணிக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். இனி காற்பந்து ஆட மாட்டார் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். சில மாதங்களில் திடலுக்குத் திரும்பி, அந்தப் பருவத்தில் மட்டும் 21 லீக் கோல்கள் அடித்தார். தலையால் முட்டி அடிப்பதில் மன்னர் என்பதால், அறுவை சிகிச்சையில் அவர் தலைக்குள் இரும்புத் தகடு வைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் கதை கட்டினார்கள்!

60 கோல் எப்படிச் சாத்தியமானது? ஒரு காரணம் விதியில் இருக்கிறது. 1925 வரை, தாக்குதல் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு. அந்த ஆண்டு மூன்று இரண்டாகக் குறைந்தது. ஒரே பருவத்தில் லீக்கின் மொத்தக் கோல்கள் 4,700லிருந்து 6,373 ஆக எகிறின. 1926–27ல் இரண்டாம் பிரிவில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 59 கோல்கள் அடித்தார். விதி எல்லாருக்கும்தான் மாறியது. முதல் பிரிவில் 60ஐ எட்டியவர் டீன் ஒருவரே. ஆகவே, காலம் சாதகமாக இருந்ததால் அடித்தார் என்று ஒதுக்குவது நியாயமில்லை என்பது என் கருத்து.

கடைசி மூன்று ஆட்டங்களுக்கு முன் அவருக்கு ஒன்பது கோல்கள் தேவைப்பட்டன. ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக இரண்டு, பர்ன்லிக்கு எதிராக நான்கு. 1928 மே 5ல் கூடிசன் பார்க்கில் ஆர்சனல். வெற்றியாளர் பட்டம் எவர்ட்டனுக்கு ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. கூட்டம் வந்தது டீனுக்காகத்தான். தலையால் ஒன்று, பினால்டியில் ஒன்று. அதன்பின் நெடுநேரம் எதுவும் விழவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அலெக் ட்ரூப் மூலையிலிருந்து உதைத்த பந்தை டீன் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 3–3.

இதற்கு அவர் பெற்ற கூலி? அன்று லீக்கில் சம்பள உச்சவரம்பு இருந்தது. 1922 முதல் பருவத்தின்போது வாரத்திற்கு 8 பவுண்டு, கோடை விடுமுறையில் 6 பவுண்டு. சாதாரணத் தொழிலாளியின் கூலியைவிட அது அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால், பருவம் முழுக்க ஒரே ஒரு கோல் அடித்தவரும் அந்த 8 பவுண்டைப் பெறலாம். 60 அடித்தவரும் அதைத் தாண்ட முடியாது. அரங்கம் நிரம்பி வழிந்த பணம் சங்கத்துக்கே சேர்ந்தது. பிடிக்கவில்லை என்று விலகவும் வழியில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் சங்கம் விடுவிக்காமல் வேறு லீக் குழுவுக்குப் போக முடியாது.

1930ல் எவர்ட்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. டீன் போகவில்லை. 1931ல் இரண்டாம் பிரிவுப் பட்டம், 1932ல் முதல் பிரிவுப் பட்டம், 1933ல் எஃப்.ஏ. கிண்ணம் என வரிசையாக வென்றார்கள். வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியை 3–0 என வீழ்த்திய அந்த இறுதியாட்டத்தில்தான் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் முதன்முதலாகச் சட்டைகளில் எண் இடப்பட்டது. குழுத் தலைவர் டீன் அணிந்தது 9.

1936–37 பருவத்தில் டாமி லாட்டன் என்ற 17 வயது இளைஞரை எவர்ட்டன் வாங்கியது. தமக்குப் பதிலாகத்தான் வந்திருக்கிறார் என்று டீனுக்குத் தெரியும். தெரிந்தும், தலையால் முட்டும் வித்தையை அவரே லாட்டனுக்குக் கற்றுக்கொடுத்தார். 1938 மார்ச்சில், சங்கத்துக்காக 399 லீக் ஆட்டங்களில் 349 கோல்கள் அடித்திருந்த டீனை நாட்ஸ் கவுண்டிக்கு விற்றுவிட்டார்கள். விலை, வாங்கிய அதே 3,000 பவுண்டு.

அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்சில் சிறிது காலம் ஆடினார். போருக்குப் பின் செஸ்டர் நகரில் மதுக்கடை நடத்தினார். 1961 ஜனவரியில், வேலை நிறுத்தம் செய்வோம் என்று ஆட்டக்காரர் சங்கம் எச்சரித்த பிறகு உச்சவரம்பு நீங்கியது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். அதே மாதம் டீனுக்கு 54 வயது நிறைந்தது. பின்னாளில் லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் சாதாரண ஊழியராகவும் வேலை செய்தார். 1976ல் வலது காலை அகற்ற நேர்ந்தது.

1980 மார்ச் 1ல் எவர்ட்டன், லிவர்பூல் ஆட்டத்தைக் காண கூடிசன் பார்க் சென்றார். அரங்கிலேயே மாரடைப்பு வந்து உயிர் பிரிந்தது. வயது 73. எவர்ட்டன் அன்று 1–2 எனத் தோற்றது.