பழைய வீட்டுக்காக வாதாடிய கவிஞர்

1876-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்ஃபர்ட் என்ற சிற்றூரின் வழியாக ஒரு கனவான் பயணம் செய்துகொண்டிருந்தார். அவ்வூர்த் தேவாலயம் பல நூற்றாண்டுப் பழைமை உடையது. அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தவர் திடுக்கிட்டு நின்றார். அங்கே திருப்பணி நடந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தவற்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அவற்றைப் போலவே புதிதாகச் செய்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர் வில்லியம் மாரிஸ். அப்போது அவருக்கு வயது 42. கவிஞர் என்று நாடெங்கும் பெயர் பெற்றவர். சுவர்க்காகிதம், திரைச்சீலை, வர்ணக் கண்ணாடி முதலியவற்றைச் செய்து விற்கும் லண்டன் நிறுவனம் ஒன்றின் சொந்தக்காரர். அந்தத் திருப்பணியை வகுத்தவரோ ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட். இருபது ஆண்டுகளுக்கு முன் மாரிஸுக்குக் கட்டடக் கலையைக் கற்றுக் கொடுத்த ஆசான் அவரே!

மாரிஸ் மனம் கொதித்தார். நாட்டில் இதைத் தடுக்க ஒரு சங்கம் வேண்டும் என்று கடிதம் ஒன்றை எழுதத் தொடங்கினார். ஆனால் அந்த ஆண்டு அது எழுத்தளவிலேயே நின்றுவிட்டது.

சிவப்பு வீடு

மாரிஸ் 1834-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் பிறந்தார். தந்தைக்குத் தாமிரச் சுரங்கப் பங்குகளால் பெரும் செல்வம் வந்தது. ஆக்ஸ்ஃபர்டில் படிக்கச் சென்றபோது பாதிரியாராக வேண்டும் என்பதே மாரிஸின் எண்ணம். அங்கே எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸின் நட்புக் கிடைத்தது. பழைய தேவாலயங்களைப் பார்த்துப் பார்த்து இருவர் மனமும் மாறியது. ஒருவர் ஓவியரானார், மற்றவர் ஸ்ட்ரீட்டிடம் கட்டடக் கலை பயிலச் சேர்ந்தார்.

மாரிஸ் அந்த அலுவலகத்தில் நெடுநாள் தங்கவில்லை. ஆனால் அங்கே ஃபிலிப் வெப் என்ற உயிர்த்தோழரைச் சம்பாதித்துக்கொண்டார். 1859-ல் மாரிஸுக்கும் ஜேன் பர்டனுக்கும் திருமணம் நடந்தது. புது மனைவிக்காகக் கென்ட் மாவட்டத்தில் பழத்தோட்டத்தின் நடுவே ஒரு வீடு கட்ட விரும்பினார். வெப் படம் வரைந்து கொடுத்தார். பூச்சு இல்லாத சிவப்புச் செங்கல் சுவர், செங்குத்தான ஓட்டுக் கூரை. சிவப்பு வீடு என்றே அதற்குப் பெயர் அமைந்தது.

வீடு தயாராயிற்று; உள்ளே வைக்கத்தான் பொருள் இல்லை. கடைகளில் இருந்த நாற்காலியும் திரையும் மாரிஸுக்குப் பிடிக்கவில்லை. நண்பர்கள் கூடினார்கள். சுவரிலும் கூரையின் உட்புறத்திலும் தாங்களே சித்திரம் தீட்டினார்கள். மேஜை நாற்காலிகளைத் தாங்களே வடிவமைத்தார்கள். அந்த விளையாட்டே 1861-ல் ஒரு வியாபார நிறுவனமாக வளர்ந்தது.

ஆனால் சுரங்க வருமானம் குறைந்தது. வேலைக்காக லண்டனுக்கு அலைய வேண்டியிருந்தது. உடல் நலமும் கெட்டது. ஐந்து ஆண்டுகளில் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்த வீடு அது. அதன்பின் அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

குடிக்கூலிக்கு வந்த பாக்கியம்

பணம் கொட்டிக் கட்டிய புது வீடு கையை விட்டுப் போயிற்று. பின்னர் ஒரு பழைய வீடு கிடைத்தது, அதுவும் வாடகைக்கு. 1871-ல் தேம்ஸ் நதியின் மேல்பகுதியில் கெல்ம்ஸ்காட் கிராமத்தில் அதைக் கண்டார். ஓவியர் ரொசெட்டியும் அவரும் சேர்ந்து குடிக்கூலிக்கு எடுத்தார்கள். சில ஆண்டுகளில் ரொசெட்டி போய்விட்டார். மாரிஸ் மட்டும் கடைசிவரை அதை விடவில்லை.

1600-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய கல்வீடு அது. அரைநூற்றாண்டுக்கு மேல் சென்றபின் இன்னொரு பகுதியைச் சேர்த்திருந்தார்கள். கூரையில் ஓட்டுக்குப் பதில் கற்பலகைகள். கீழே பெரியவை, மேலே போகப் போகச் சிறியவை. மீன் செதிலைப் போல் வரிசை வரிசையாகப் படிந்திருந்த அந்தக் கூரையை மாரிஸ் பார்த்துப் பார்த்து மகிழ்வார்.

வசதி என்று பார்த்தால் குறைகள் ஏராளம். நடைவழி என்பதே கிடையாது. ஓர் அறைக்குப் போக இன்னொருவர் அறையைக் கடக்க வேண்டும். விருந்தாளிகள் திகைத்துப் போவார்கள். ஈரம் ஏறும், மழைக்காலத்தில் நதி பொங்கி வயலில் நிற்கும். வேறொரு பணக்காரராக இருந்தால் குறுக்குச் சுவர்களை இடித்துத் தள்ளியிருப்பார். சுவரில் தொங்கிய பதினேழாம் நூற்றாண்டுச் சித்திரத் திரைகளுக்கு நிறம் மங்கிவிட்டது என்று கழற்றி எறிந்திருப்பார்.

மாரிஸ் எதையும் இடிக்கவில்லை. மங்கிய திரை மங்கியபடியே தொங்கியது. வீட்டைத் தமக்கு ஏற்றபடி மாற்றாமல், வீட்டுக்கு ஏற்றபடி தம் வழக்கங்களை மாற்றிக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் பழம் திருட வந்த பறவைகளே, 1883-ல் அவர் வரைந்த புகழ்பெற்ற துணி அச்சுச் சித்திரத்தில் இடம் பெற்றன.

சங்கம் பிறந்தது

1877 மார்ச் மாதத்தில் ஒரு செய்தி வந்தது. டியூக்ஸ்பரியின் பழம்பெரும் தேவாலயத்துக்குத் திருப்பணி செய்யப் போகிறார்கள். பொறுப்பேற்றவர் சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அக்காலத்தில் அத்துறையில் அவருக்கு மேல் ஆள் இல்லை. அவரும் தீய எண்ணம் கொண்டவரல்லர். ஆலயத்துக்கு நன்மை செய்கிறோம் என்றே நம்பினார். மாரிஸ் உடனே அதீனியம் பத்திரிகைக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். அந்த மாதம் 22-ஆம் தேதியே பழங்காலக் கட்டடங்களைக் காக்கும் சங்கம் தொடங்கிவிட்டது. அவரே அதன் காரியதரிசி. ரஸ்கின், கார்லைல், வெப், பர்ன்-ஜோன்ஸ் முதலியோர் சேர்ந்தார்கள். சுவரைச் சுரண்டாதே என்ற பொருளில் சங்கத்துக்கு ஒரு வேடிக்கைப் பெயரும் நிலைத்தது.

சுரண்டுவதால் அப்படி என்ன கேடு? பழைய கட்டடம் ஒரே நாளில் உருவானதன்று. ஒரு தலைமுறை சுவர் எழுப்பியிருக்கும். அடுத்தது ஜன்னல் திறந்திருக்கும். மூன்றாவது மச்சு கட்டியிருக்கும். அத்தனையும் அதன் சரித்திரம். திருப்பணிக்காரர் வந்து, இதில் ஒரு நூற்றாண்டு மட்டுமே உயர்ந்தது என்று தீர்மானிக்கிறார். மற்ற நூற்றாண்டுகளின் வேலையை அகற்றுகிறார். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஊகித்துப் புதிதாகச் செய்து வைக்கிறார். காரைப் பூச்சைச் சுரண்டும்போது அடியிலிருந்த பழஞ்சித்திரமும் உதிர்கிறது. உளிபட்ட கல்லில் முதல் கொத்தனின் கைத்தடம் அழிகிறது. முடிவில் இருப்பது பழைய கட்டடமும் அன்று. புதிய கட்டடமும் அன்று.

அப்படியானால் இடிந்து விழட்டும் என்று விட்டுவிடுவதா? அதுவும் இல்லை. தினந்தோறும் கவனியுங்கள் என்றது மாரிஸ் எழுதிய அறிக்கை. கூரை ஒழுகினால் உடனே அடையுங்கள். சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுங்கள். கொடுத்த முட்டு முட்டாகவே தெரியட்டும். பழையதுபோல் வேஷம் போட வேண்டாம். இன்றைய தேவைக்குக் கட்டடம் போதவில்லையா? வேறொன்று கட்டிக்கொள்ளுங்கள், இதைச் சிதைக்காதீர்கள். புதுப்பிப்பது வேறு, பழுது பார்ப்பது வேறு என்பதே அவர் கட்சி.

சொந்த நஷ்டம்

ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. மாரிஸுக்கு அது எளிதாக இருக்கவில்லை. அவருடைய நிறுவனத்துக்கு நல்ல வருமானம் தந்த வேலைகளில் ஒன்று தேவாலயங்களுக்கு வர்ணக் கண்ணாடி ஜன்னல் செய்து கொடுப்பது. திருப்பணி நடக்கும் பழைய ஆலயங்களிலிருந்தும் அந்த வேலை வந்துகொண்டிருந்தது. ஒரு கையால் தடுத்துக்கொண்டு மறு கையால் கூலி வாங்கலாமா?

1877-லேயே அவர் முடிவு செய்தார். திருப்பணி நடக்கும் பழைய ஆலயங்களுக்கு இனிமேல் கண்ணாடி ஜன்னல் செய்து தருவதில்லை என்று அறிவித்தார். நிறுவனம் முழுவதும் அவர் ஒருவர் பொறுப்பில் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நஷ்டம் அவர் தலையில்தான் விழுந்தது. பழைய ஆசானைப் பகைக்கவும், பழைய வாடிக்கையை இழக்கவும் துணிந்தவரின் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

எல்லாப் போராட்டத்திலும் அவர் வெல்லவில்லை. டியூக்ஸ்பரியில் வேலை நிற்கவில்லை. 1879-ல் வெனிஸ் நகரத்தின் புனித மாற்கு ஆலயத்து மேற்கு முகப்பைப் பிரித்துக் கட்டப் போகிறார்கள் என்று கேட்டுக் கண்டனக் கூட்டங்கள் நடத்தினார். அந்நியர் தலையிடுகிறார் என்று இத்தாலியர் சிலர் கோபித்தார்கள். வெனிஸ்காரர்களிலோ சிலர் முன்பே எதிர்த்துக் குரல் கொடுத்திருந்தார்கள். முகப்பு தப்பியது.

அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு வெற்றியும் கிட்டியது. இங்கிள்ஷம் என்னும் குக்கிராமத்துத் தேவாலயம் 1880-களின் இறுதியில் பழுதடைந்து நின்றது. சங்கம் அதைப் பழுது பார்த்தது. மரத்தடுப்பு வைத்த பழைய இருக்கைகளும், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்ட சுவர்ச் சித்திரங்களும் அப்படியே தங்கின. இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

கூரைக்கடியில்

1896 அக்டோபர் 3-ஆம் தேதி லண்டனில் மாரிஸ் காலமானார். வயது 62. உடலைக் கெல்ம்ஸ்காட்டுக்குக் கொண்டு வந்தார்கள். இலை தழைகளால் அலங்கரித்த விவசாய வண்டி ஒன்று அவரைக் கிராமத்துக் கல்லறைக்குச் சுமந்து சென்றது.

அந்த வீடு அவர் உயிரோடிருந்தவரை அவருக்குச் சொந்தமாகவே இல்லை. 1913-ல்தான் ஜேன் அதை விலைக்கு வாங்கினார். மகள் மே 1938-ல் இறக்கும் வரை அங்கே வாழ்ந்தார். 1962-ல் அது லண்டன் தொல்பொருள் அறிஞர் கழகத்தின் பொறுப்பில் வந்தது. கழகம் பழுது பார்த்துப் பாதுகாத்து வரும் அந்த வீட்டை இன்று பொதுமக்கள் சென்று காண்கிறார்கள். இளமையில் விட்டுப் பிரிந்த சிவப்பு வீடும் 2003 முதல் தேசிய அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கிறது. அவர் தொடங்கிய சங்கமும் இன்றுவரை நடந்து வருகிறது.

மாரிஸின் கல்லறைக் கல்லையும் வடிவமைத்தவர் ஃபிலிப் வெப்தான். முதல் வீட்டைக் கட்டிக் கொடுத்த அதே நண்பர். நடுவே உயர்ந்து இருபுறமும் சரிந்து, பழைய வீட்டுக் கூரையைப் போலவே அந்தக் கல் அமைந்திருக்கிறது.