ஒரு லட்சம் டாலருக்கு விலை போன வீரர்!

1919-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. கிறிஸ்துமசுக்கு மறுநாள்.

அமெரிக்காவில் ஒரு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை ஒரு லட்சம் டாலர்!

விற்கப்பட்டது வீடு அல்ல, நிலமும் அல்ல. ஒரு விளையாட்டு வீரர்!

அவர் பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். பேப் ரூத் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். அப்போது அவருக்கு வயது 24.

விளையாட்டு உலகில் நடந்த விற்பனைகளிலேயே மிக மோசமானது எது என்று கேட்டால், இதைத்தான் பலரும் முதலில் சொல்லுகிறார்கள்.

முரட்டுச் சிறுவன்

பேப் ரூத் 1895-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்தி வந்தார்.

பெற்றோருக்கு ஓயாத வேலை. பையனைக் கவனிக்க நேரம் இல்லை. அவன் பள்ளிக்கூடம் போகாமல் தெருவில் சுற்றினான், சண்டை போட்டான். பெற்றோரால் அவனை அடக்க முடியவில்லை.

ஏழு வயதில் அவனைச் செயிண்ட் மேரி தொழிற் பள்ளியில் சேர்த்து விட்டார்கள். அநாதைப் பிள்ளைகளும், அடங்காத பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் இடம் அது. பெற்றோர் உயிரோடு இருந்தும், ரூத்தின் சிறு வயது பெரும்பாலும் அங்கேதான் கழிந்தது. அங்கே அவன் சட்டை தைக்கும் தொழில் கற்றான்.

அந்தப் பள்ளியில் மத்தியாஸ் என்ற கிறிஸ்தவத் துறவி இருந்தார். ஆஜானுபாகுவான மனிதர். அவர்தான் ரூத்துக்குப் பேஸ்பால் ஆடக் கற்றுக் கொடுத்தார். தான் கண்ட மனிதர்களிலேயே மிகச் சிறந்தவர் அவர்தான் என்று ரூத் கடைசி வரை சொல்லி வந்தார்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம். மட்டை உருண்டையாக இருக்கும். அடித்த பந்து எதிரே உள்ள வேலியைத் தாண்டி விழுந்தால், அதற்கு ஹோம் ரன் என்று பெயர். அந்தக் காலத்தில் அது அபூர்வம்.

இரண்டு முறை விற்பனை

1914-ம் ஆண்டு, பால்டிமோர் கோஷ்டியின் முதலாளி ஜாக் டன் என்பவர் ரூத்தை வேலைக்கு அமர்த்தினார். சம்பளம் அந்த ஆண்டுக்கு 600 டாலர்.

புதிதாக வந்த பையனை மற்ற ஆட்டக்காரர்கள் முதலாளியின் குழந்தை என்று கேலி செய்தார்கள். குழந்தை என்று பொருள்படும் பேப் என்ற பெயர் அப்படியே நிலைத்து விட்டது.

அதே ஊரில் போட்டிக் கோஷ்டி ஒன்று கிளம்பியது. கூட்டம் அங்கே போய் விட்டது. டன்னுக்குப் பண நெருக்கடி. சில மாதங்களிலேயே ரூத்தைப் போஸ்டன் ரெட் சாக்ஸ் கோஷ்டிக்கு விற்று விட்டார்.

அந்தக் காலத்தில் அங்கே ஆட்டக்காரரை விற்க அவருடைய சம்மதம் தேவைப்படவில்லை. முதலாளி நினைத்தால் போதும்!

போஸ்டனில் ரூத் இடது கைப் பந்து வீச்சாளராகப் புகழ் பெற்றார். 1916-ம் ஆண்டில் மட்டும் 23 வெற்றிகள் அவருடைய கணக்கில் சேர்ந்தன. 1915, 1916, 1918 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் போஸ்டன் சாம்பியன் பட்டம் வென்றது.

பந்து வீச்சாளருக்கு ஓய்வு வேண்டும். தினமும் வீச முடியாது. ஆனால் ரூத் மட்டையைத் தொட்டால் பந்து பறந்தது! ஆகவே அவரை அடிக்கடி மட்டை பிடிக்க வைத்தார்கள். 1919-ம் ஆண்டில் அவர் 29 ஹோம் ரன் அடித்தார். அதுவரை யாரும் ஓர் ஆண்டில் அத்தனை அடித்தது இல்லை.

முதலாளி போட்ட கணக்கு

அப்போது போஸ்டன் கோஷ்டியின் முதலாளி ஹாரி பிரேசி. அவர் நாடகம் போடுகிறவர். கோஷ்டியை வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை.

ரூத்தின் சம்பளம் ஆண்டுக்கு 10 ஆயிரம் டாலர். அதை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று ரூத் கேட்டார். பிரேசி கணக்குப் போட்டார்.

ரூத் குடிக்கிறார், இரவில் ஊர் சுற்றுகிறார், யாருக்கும் அடங்குவது இல்லை. அவர் 29 ஹோம் ரன் அடித்தும் அந்த ஆண்டு கோஷ்டிக்கு 6-வது இடம்தான் கிடைத்தது. இவருக்கு எதற்கு இத்தனை சம்பளம்? விற்றால் கடனாவது தீருமே!

அந்தக் கணக்கு சரி என்று சொன்னவர்களும் அன்று இருந்தார்கள்.

வாங்கியது நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டி. அதன் முதலாளிகளில் ஒருவர் பீர் தயாரிப்பாளர் ஜேக்கப் ரூப்பர்ட். விலையோடு, சுமார் 3 லட்சம் டாலர் கடன் கொடுக்கவும் அவர் சம்மதித்தார். அந்தக் கடனுக்குப் போஸ்டனின் சொந்த மைதானமே ஈடு!

வீரரும் போனார், மைதானமும் அடமானத்தில் போயிற்று.

பந்து பறந்தது, பணம் குவிந்தது

யாங்கீஸ் அதுவரை ஒரு பட்டம்கூட வாங்காத கோஷ்டி. ரூத் வந்ததும் எல்லாம் மாறியது.

1920-ம் ஆண்டில் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். அந்தப் போட்டியில் ஆடிய மற்றக் கோஷ்டி எதுவும், எல்லா ஆட்டக்காரர்களும் சேர்ந்துகூட, அத்தனை அடிக்கவில்லை!

அந்த ஆண்டு யாங்கீஸ் ஆட்டங்களைப் பார்க்க 12 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். கூட்டத்துக்குத் தக்கபடி பெரிய மைதானம் கட்டினார்கள். 1923-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி அங்கே முதல் ஆட்டம். எதிர்த்து ஆடியது யார் தெரியுமா? ரூத்தை விற்ற அதே போஸ்டன்! ரூத் அன்றும் ஒரு ஹோம் ரன் அடித்துத் தம்மை விற்ற கோஷ்டியைத் தோற்கடித்தார். அதை ரூத் கட்டிய வீடு என்றே மக்கள் அழைத்தார்கள்.

1927-ம் ஆண்டில் அவர் 60 ஹோம் ரன் அடித்தார். 1961-ம் ஆண்டு வரை அதை யாரும் மிஞ்சவில்லை. ரூத் இருந்த காலத்தில் யாங்கீஸ் நான்கு முறை உலக சாம்பியன் ஆயிற்று.

போஸ்டன் கதி என்ன? பிரேசி மேலும் பல நல்ல ஆட்டக்காரர்களை யாங்கீசுக்கே விற்றார். 1922 முதல் 1932 வரை 11 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் போஸ்டனுக்குக் கடைசி இடம்! பிரேசி 1923-ல் கோஷ்டியையே விற்று விட்டார்.

நிறைவேறாத ஆசை

ரூத்துக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு பெரிய கோஷ்டியை நிர்வகிக்க வேண்டும் என்பதே அது. தன்னையே அடக்கத் தெரியாதவர் பிறரை எப்படி அடக்குவார் என்று முதலாளிகள் நினைத்தார்கள். அந்தப் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

1935-ம் ஆண்டு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். மொத்தம் 714 ஹோம் ரன்!

பிறகு புற்றுநோய் பிடித்தது. 1948-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி தம்முடைய பழைய மைதானத்துக்குக் கடைசி முறையாக வந்தார். பந்தை வானத்துக்கு அனுப்பிய கைகள், நிற்பதற்காக ஒரு மட்டையை ஊன்றிக் கொண்டிருந்தன. ஆகஸ்டு 16-ந் தேதி காலமானார். வயது 53. உடல் அந்த மைதானத்திலேயே வைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

1918-க்குப் பிறகு போஸ்டன் மறுபடி சாம்பியன் ஆனது 2004-ம் ஆண்டில்தான். நடுவில் 86 ஆண்டுகள்! ரூத்தின் சாபம் என்று மக்கள் சொன்னார்கள்.

ரூத் யாரையும் சபிக்கவில்லை. பிரேசி கடன் சுமையில் ரூத்தின் குறைகளை எண்ணினார். பெற்ற சம்பளத்தை எண்ணினார். தந்த வெற்றிகளை எண்ண மறந்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். இவரோ வெண்ணெயையே விற்று விட்டார்!